டாக்டர், கொஞ்சம் சும்மா இருங்க!

பேசிப் பேசியே மனசைச் சரிசெய்யும் வைத்தியத்தைக் கண்டுபிடித்தது யார்? க்விஸ் நிகழ்ச்சியில் இந்தக் கேள்வி வந்தால், கேள்வி முடிவதற்குள் பஸ்ஸரைத் தட்டி 'சிக்மண்ட் ஃப்ராய்ட்!' என்பீர்கள். வெள்ளைத் தாடி, சுருட்டு, வட்டக் கண்ணாடி, பக்கத்தில் ஒரு சோபா. அந்த போட்டோவைப் பார்க்காதவர் உண்டா? பத்து மார்க்கும் கொடுத்துவிடுவார்கள். நியாயமாகப் பார்த்தால் அதில் ஒன்பதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஃப்ராய்டே ஒருமுறை திருப்பிக் கொடுத்தார். 1909-ல் அமெரிக்காவின் க்ளார்க் பல்கலைக்கழகத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மேடையேறியதும் முதல் வேலையாக, இதை ஆரம்பித்த பெருமை தனக்கில்லை, வியன்னாவில் யோசஃப் ப்ராயர் என்று இன்னொரு டாக்டர் இருக்கிறார், அவருக்குத்தான் என்று அறிவித்தார். என்ன அடக்கம், என்ன பெருந்தன்மை! அது ஐந்து வருஷம் தாங்கியது. 1914-ல் சைக்கோஅனாலிசிஸ் இயக்கத்தின் வரலாற்றை எழுத உட்கார்ந்தபோது, யோசித்துப் பார்த்தால் இது முழுக்க என் படைப்புதான் என்று வாபஸ் வாங்கிக்கொண்டார்.

இரண்டு டாக்டர்களின் பங்காளிச் சண்டையில் நாம் தலையிட வேண்டாம். ஏனென்றால் கண்டுபிடித்தவர் இருவருமே இல்லை. கண்டுபிடித்தது நோயாளிகள். டாக்டர்கள் செய்தது இரண்டே வேலை: பெயர் வைத்தார்கள், பில் போட்டார்கள். பல சமயம் பெயரைக்கூட நோயாளிதான் வைத்தார்.

1880 டிசம்பர். வியன்னாவின் பணக்கார வீட்டுப் பெண் பெர்த்தா பாப்பன்ஹைம், வயது 21. கத்தி மாதிரி மூளை. தம்பிக்குப் பல்கலைக்கழகம், இவருக்கு எம்ப்ராய்டரி என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். அப்பா படுக்கையில் விழ, ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் பணிவிடை செய்தவர் இவர். கொஞ்ச நாளில் இவரே படுத்துவிட்டார். இருமல், மாறுகண், கை மரத்துப்போதல். அப்புறம் ஒருநாள் தாய்மொழியான ஜெர்மன் மறந்துபோய், இங்கிலீஷ் மட்டுமே வந்தது. நம்மூர் கான்வென்ட்டாக இருந்தால் மெடல் கொடுத்திருப்பார்கள். வியன்னாவில் டாக்டரைக் கூப்பிட்டார்கள்.

வந்தவர் ப்ராயர். ஊரிலேயே பெரிய கை. மனிதன் எப்படி விழாமல் நிற்கிறான், காதுக்குள் இருக்கும் எந்தக் குழாய் அதற்குப் பொறுப்பு என்றெல்லாம் ஆராய்ந்து சொன்ன விஞ்ஞானி. தன் வீட்டின் சமநிலை எங்கே ஆட்டம் காணும் என்பதை மட்டும் அவர் ஆராயவில்லை.

ப்ராயர் தினமும் சாயங்காலம் வருவார். பெர்த்தா அரைத் தூக்கத்தில் கதை சொல்வார். சொல்லி முடித்ததும் மனசு லேசாகிவிடும். டாக்டர் வராத நாளில் கதை உள்ளேயே தேங்கி நிற்கும், எரிச்சல் ஏறும். ஒரு கோடையில் ஆறு வாரம் தண்ணீர் குடிக்க முடியாமல் தர்பூசணி, பழம் என்றே காலம் தள்ளினார். டம்ளரை எடுப்பார், உதட்டருகே கொண்டுபோவார், தள்ளிவிடுவார். ஒருநாள் ஹிப்னாடிச உறக்கத்தில் விஷயம் வெளியே வந்தது. வீட்டில் துணைக்கு இருந்த ஆங்கிலேயப் பெண்மணியின் நாய், டம்ளரில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்ததை இவர் பார்த்திருக்கிறார். மரியாதை கருதி அப்போது வாயைத் திறக்கவில்லை. இப்போது திட்டித் தீர்த்தார். தீர்த்த கையோடு தண்ணீர் கேட்டு மடமடவென்று குடித்தார். நவீன மனநல சிகிச்சையின் கங்கோத்ரி, அந்த நாயின் எச்சில் டம்ளர்.

இந்த ஏற்பாட்டுக்கு 'டாக்கிங் க்யூர்' என்று பெயர் வைத்தவர் பெர்த்தா. கிண்டலாகச் சொல்லும்போது 'சிம்னி ஸ்வீப்பிங்', அதாவது புகைக்கூண்டுக்கு ஒட்டடை அடிக்கிறோம் என்பார். முறையைக் கண்டுபிடித்து, செய்து காட்டி, டைட்டிலும் கொடுத்தாயிற்று. ப்ராயரின் பங்கு என்ன? காது கொடுத்தார். குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் காலத்து டாக்டர் ஒருவர் ஒரு இளம்பெண் பேசுவதைக் குறுக்கே பேசாமல் மாதக்கணக்கில் கேட்டார் என்பது காதுக்குழாய் ஆராய்ச்சியைவிடப் பெரிய சாதனை.

ஆனால் வீட்டம்மா மதில்டே இதைச் சாதனையாகப் பார்க்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் எந்நேரமும் பெர்த்தா புராணம். போதாததற்கு, ப்ராயரின் மூத்த மகள் பெயரும் பெர்த்தா. அவருடைய அம்மா பெயரும் பெர்த்தா. ஃப்ராய்டியக் கோட்பாடு எதுவும் பிறக்காத காலம் என்பதால் மதில்டே தன் சொந்த புத்தியை மட்டும் வைத்தே நிலவரத்தைப் புரிந்துகொண்டார். 1882 ஜூனில் சிகிச்சை முடிவுக்கு வந்தது.

எப்படி முடிந்தது என்பதுதான் ஐரோப்பாவின் மிகச் சுவையான டாக்டர் கிசுகிசு. கடைசி நாளில் பெர்த்தா, வயிற்றில் இல்லாத பிள்ளைக்குப் பிரசவ வலி கண்டு, இது டாக்டரின் குழந்தை என்று கத்தினாராம். ப்ராயர் வியர்த்து விறுவிறுத்து ஓடிப்போய், மனைவியை அழைத்துக்கொண்டு வெனிஸுக்கு இரண்டாவது ஹனிமூன் கிளம்பினாராம். அங்கே உருவான குழந்தைதான் கடைசி மகள் டோராவாம். ஃப்ராய்ட் நெருங்கியவர்களிடம் சொன்னது, அவருடைய சரிதையை எழுதிய எர்னஸ்ட் ஜோன்ஸ் கைக்குப் போய் அச்சில் ஏறியது. சினிமாவுக்கே ரெடியான ஸ்கிரிப்ட்.

ஒரே ஒரு இடைஞ்சல். டோரா பிறந்தது 1882 மார்ச்சில். அதாவது ஹனிமூனில் 'உருவாவதற்கு' மூன்று மாதம் முன்பே தொட்டிலில் கிடந்து அழுதுகொண்டிருந்தாள். மனித மனத்தின் பாதாள அறைகளையெல்லாம் திறந்து பார்த்த மேதைகள், ஒரு பிறப்புச் சான்றிதழைத் திறந்து பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். 1895-ல் ப்ராயரும் ஃப்ராய்டும் சேர்ந்து வெளியிட்ட புத்தகத்தில் 'அன்னா ஓ' என்ற பெயரில் வரும் பெர்த்தா, நல்லபடியாகத் தேறிவிடுகிறார். நிஜத்தில் சிகிச்சை முடிந்த அடுத்த மாதமே ஸ்விட்சர்லாந்தின் க்ராய்ஸ்லிங்கன் சானடோரியத்தில் சேர்க்கப்பட்டார், மார்ஃபின் பழக்கத்தோடு. இது வெளியே தெரிய 1970-கள் வரை ஆயிற்று. சக்சஸ் ஸ்டோரி என்று போட்டுவிட்டு, சின்ன எழுத்து கண்டிஷன்களை 80 வருஷம் மறைத்து வைத்த விளம்பரம் வேறு எதுவும் எனக்குத் தெரிந்து கிடையாது.

பெர்த்தா பிற்பாடு மீண்டார், அவர் வழியில். 1904-ல் ஜெர்மனியில் யூதப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார், பெண்களைக் கடத்தி விற்பவர்களோடு மோதினார், ஆதரவற்ற பெண்களுக்கு இல்லம் நடத்தினார். 1954-ல் மேற்கு ஜெர்மனி அவர் முகம் போட்ட தபால்தலை வெளியிட்டது. அந்த இல்லத்தில் இருந்த யாருக்காவது சைக்கோஅனாலிசிஸ் செய்து பார்க்கலாமே என்று யோசனை சொன்னால், கூடவே கூடாது என்று தடுத்துவிடுவாராம். உலகின் முதல் கிளையன்ட் கொடுத்த ரிவ்யூ அது. ஸ்டார் எத்தனை என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இனி ஃப்ராய்ட். 1883-ல் ப்ராயர் வீட்டுக் கலவரத்தை, அப்போது நிச்சயம் மட்டும் ஆகியிருந்த மார்த்தாவுக்குக் கடிதத்தில் எழுதினார். மார்த்தா உடனே மதில்டே பக்கம் சாய்ந்து, நாளைக்கு எனக்கும் இதே கதி வந்தால்? என்று கவலைப்பட்டார். ஃப்ராய்ட் சமாதானம் சொன்னார்: அதெல்லாம் நடக்க வேண்டுமென்றால் ஆள் ப்ராயராக இருக்க வேண்டும். காதலிக்கு ஆண்கள் கொடுத்த ஆறுதல்களிலேயே இவ்வளவு அடக்கமானது அபூர்வம். இவ்வளவு தவறானதும்தான்.

சில வருஷங்கள் கழித்து, ஃப்ராய்டின் நோயாளி ஒருவர் ஹிப்னாடிசத்திலிருந்து கண் விழித்ததும் டாக்டரின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து வேலைக்காரர் கதவைத் திறந்து உள்ளே வந்தார். தமிழ் சினிமா என்றால் இங்கே இன்டர்வெல்.

நீங்களும் நானுமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? வேலைக்காரர் வெளியே போனதும் கண்ணாடி முன் நின்று தலைமுடியைச் சரி செய்திருப்போம். ஃப்ராய்ட் உட்கார்ந்து யோசித்தார். என் முகத்துக்கும் தாடிக்கும் இது நடக்க வாய்ப்பில்லை, ஆகவே இந்தப் பெண் கட்டிப்பிடித்தது என்னை இல்லை, வேறு யாரையோ. அப்பாவோ, பழைய காதலனோ, சின்ன வயதில் ஆசைப்பட்டுக் கிடைக்காத ஒருவரோ. அந்தப் பழைய கணக்கு என் பெயரில் வரவு வைக்கப்படுகிறது. இதற்கு ட்ரான்ஸ்ஃபரன்ஸ் என்று பெயர் வந்தது. மனநல சிகிச்சையின் மிகப் பெரிய கோட்பாடு, ஒரு மனிதர் தன்னை அழகன் இல்லை என்று ஒப்புக்கொண்டதில் பிறந்தது.

கோட்பாட்டின் இன்னொரு சௌகரியத்தையும் கவனியுங்கள். நோயாளி காதலித்தால் ட்ரான்ஸ்ஃபரன்ஸ். கோபப்பட்டால் அதுவும் ட்ரான்ஸ்ஃபரன்ஸ். டாக்டரையே பிடிக்கவில்லை என்றால் இன்னும் அழுத்தமான ட்ரான்ஸ்ஃபரன்ஸ். உண்மையிலேயே டாக்டர் ஒரு எரிச்சலூட்டும் ஆசாமியாக இருக்கலாம் என்ற வாய்ப்புக்கு மட்டும் ரொம்ப காலம் பெயர் வைக்கவில்லை.

அந்த வாய்ப்பை முகத்துக்கு நேரே சொன்னவர் ஃபானி மோசர். ஸ்விஸ் கடிகார முதலாளியின் விதவை, ஐரோப்பாவின் பெரும் பணக்காரிகளில் ஒருவர். ஃப்ராய்டின் புத்தகத்தில் எம்மி ஃபோன் என். திடீர் திடீரென்று கையை நீட்டி, அசையக் கூடாது, பேசக் கூடாது, தொடக் கூடாது என்று கத்துவார். அப்போது அது நோயின் அறிகுறி. பிற்காலத்தில் அந்த மூன்றையும் அப்படியே எடுத்து சைக்கோஅனாலிஸ்ட்டுகளுக்கு நடத்தை விதிகளாக ஆக்கிக்கொண்டார்கள்.

இளம் ஃப்ராய்டுக்கு அப்போது வாய் சும்மா இருக்காது. இது எங்கிருந்து வந்தது, அது ஏன் வந்தது என்று குடைந்துகொண்டே இருப்பார். ஒருநாள் ஃபானி அம்மாள் சிடுசிடுவென்று, சும்மா கேள்வி கேட்காதீர்கள், நான் சொல்ல வந்ததைச் சொல்ல விடுங்கள் என்றார். ஃப்ராய்ட் அடங்கினார். அன்றிலிருந்து உலகம் முழுக்க தெரபிஸ்ட்டுகள் வாயை மூடிக்கொண்டு தலையாட்டுகிறார்கள். ஒரு பணக்கார அம்மாள் போட்ட அதட்டல்தான் அது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த சோபாவும் டாக்டர் வாங்கியதில்லை. 1890 வாக்கில் பென்வெனிஸ்டி என்ற நோயாளி அன்பளிப்பாகக் கொடுத்தது. அதன்மேல் ஒரு பாரசீகக் கம்பளம், தலைமாட்டில் டாக்டரின் நாற்காலி. ஏன் தலைமாட்டில், கண்ணுக்கு மறைவாக? நோயாளியின் ஆழ்மனம் தடையில்லாமல் பாயட்டும் என்று விளக்கங்கள் உண்டு. கூடவே ஃப்ராய்ட் நேர்மையாக இன்னொரு காரணத்தையும் எழுதிவைத்தார்: ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஜனங்கள் முறைத்துப் பார்ப்பதை என்னால் தாங்க முடியவில்லை. வீடியோ மீட்டிங்கில் கேமராவை ஆஃப் செய்துவிட்டு உட்காரும் எவருக்கும் இந்த மேதையின் மனசு புரியும்.

ஃபீஸ் விஷயத்தில் மனிதர் கறார். நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் அவருக்கு ஒதுக்கிய மணிக்குக் காசு உண்டு. இசைமேதை குஸ்டாவ் மாலருக்கு 1910-ல் மண வாழ்வில் சிக்கல். அப்பாயின்ட்மென்ட் கேட்பார், கேன்சல் செய்வார், மறுபடி கேட்பார். கடைசியில் ஹாலந்தின் லெய்டன் நகரத் தெருக்களில் இருவரும் நாலு மணி நேரம் நடந்துகொண்டே பேசினார்கள். அதுவே முழு சிகிச்சை. அடுத்த வருஷம் மாலர் இறந்துவிட்டார். பில் இறக்கவில்லை; சொத்தை நிர்வகித்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

1921-ல் ஃப்ராய்டிடம் மனசைத் திறக்க அமெரிக்க டாக்டர்கள் கப்பலேறி வந்தார்கள். வாரத்துக்கு ஆறு நாள் என்ற கணக்கில் இருந்த இடம் ஐந்து பேருக்கு. வந்து நிற்பவர்கள் ஆறு பேர். ஒருவர் வேறு டாக்டரிடம் போகலாமே என்றால் ஒருவரும் அசையவில்லை. மகள் அன்னா கணக்குப் போட்டார்: ஐந்தாறு முப்பது, ஆறைந்தும் முப்பது. ஆளுக்கு ஒருநாள் விட்டுக்கொடுத்தால் தீர்ந்தது. வாரத்துக்கு ஐந்து நாள் சிகிச்சை அப்படித்தான் வந்தது என்று அந்த அறுவரில் ஒருவரான ஏப்ராம் கார்டினர் எழுதியிருக்கிறார். ஆழ்மனத்தின் தேவை இல்லை, வாய்ப்பாட்டின் தேவை.

இப்போது 1912-க்கு வாருங்கள். ஃப்ராய்ட் சிகிச்சையாளர்களுக்கு அறிவுரைகள் எழுதினார். டாக்டர் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், நோயாளிக்கு அவருடைய பிம்பம் மட்டுமே தெரிய வேண்டும், டாக்டரின் சொந்த உணர்ச்சி ஒரு துளி தெரியக் கூடாது, ஆபரேஷன் செய்யும் சர்ஜனைப் போல ஜில்லென்று இருக்க வேண்டும். கேட்கவே புல்லரிக்கிறது. யார் கடைப்பிடித்தார்கள் என்றுதான் தெரியவில்லை. எழுதியவர் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

பசியோடு வந்த ஒரு நோயாளிக்குச் சாப்பாடு போட்டார். ரஷ்யப் புரட்சியில் சொத்தையெல்லாம் இழந்த இன்னொருவருக்கு வருஷா வருஷம் நண்பர்களிடம் வசூல் செய்து கொடுத்தார். மாக்ஸ் ஐட்டிங்கோன் என்பவரை சாயங்கால நடையின்போதே அலசி முடித்தார். பெற்ற மகள் அன்னாவையே 1918-ல் சோபாவில் படுக்க வைத்து வருஷக்கணக்கில் சிகிச்சை செய்தார். மகளின் ஆழ்மனத்தில் அப்பா எங்கே இருக்கிறார் என்று அப்பாவே தேடினார். கிடைத்திருப்பார் என்று நினைக்கிறேன், தலைமாட்டில்தானே உட்கார்ந்திருந்தார்.

1933-ல் அமெரிக்கக் கவிஞர் ஹில்டா டூலிட்டில் வந்து சோபாவில் படுத்தார். டாக்டருக்கு வயது 77-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் திடீரென்று கிழவர் சோபாவின் தலைமாட்டை ஓங்கிக் குத்தி, நான் வயசானவன் என்பதால்தானே என்னை நேசிக்க உங்களுக்கு மனசு வரவில்லை என்று பொருமினார். ஹில்டா அதிர்ந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். கண்ணாடி தானே வாயைத் திறந்து, என்னை ஏன் பார்க்கவில்லை என்று கேட்டால் யார்தான் அதிர மாட்டார்கள்?

அந்த அறையில் மூன்றாவதாக ஒரு ஜீவனும் உண்டு. யோஃபி, சௌ சௌ ரக நாய். சிகிச்சை நேரம் முழுக்க டாக்டரின் காலடியில் படுத்திருக்கும். நேரம் முடிந்ததும் எழுந்து கொட்டாவி விடும். அதனால் அப்பாவுக்கு வாட்ச் பார்க்கும் வேலையே இருக்கவில்லை என்று மகன் மார்ட்டின் எழுதினார். மிஞ்சிப் போனால் ஒரு நிமிஷம் முன்னே பின்னே இருக்குமாம்; அந்த ஒரு நிமிஷ நஷ்டம் நோயாளியின் கணக்கில்.

எல்லா நோயாளியும் பணிந்து கிடக்கவில்லை. 1900-ல் வந்த இடா பௌவருக்கு வயது 18. அப்பாவின் நண்பர் ஒருவர் தன்னிடம் தப்பாக நடந்துகொண்டார், யாரும் நம்பவில்லை என்பது அந்தப் பெண்ணின் புகார். ஃப்ராய்ட் நம்பினார். நம்பிவிட்டு, உள்ளுக்குள் உனக்கும் அந்த ஆள்மேல் ஆசைதானே என்று விளக்கம் கொடுத்தார். டிசம்பர் 31 அன்று இடா, இன்றோடு சரி என்றார். எப்போது முடிவு செய்தாய்? பதினைந்து நாள் முன்பு. அது வேலைக்காரிகள் நோட்டீஸ் கொடுக்கும் கணக்காயிற்றே என்றார் ஃப்ராய்ட். உண்மைதான். வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர் யார் என்பதில்தான் அவருக்குக் கொஞ்சம் குழப்பம். ஆனால் அந்த வழக்கை 1905-ல் அவரே வெளியிட்டு, ட்ரான்ஸ்ஃபரன்ஸைக் கவனிக்காமல் கோட்டை விட்டேன் என்றும் எழுதினார். இந்த மனிதரை முழுசாகத் திட்ட விடாமல் செய்வது இந்த மாதிரி இடங்கள்தான்.

சரி, நோயாளி டாக்டரை நேசிப்பதற்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. டாக்டர் நோயாளியை நேசித்தால்? அங்கேதான் ஃப்ராய்டின் சிஷ்யர் கார்ல் யுங் என்ட்ரி கொடுக்கிறார்.

1904 ஆகஸ்ட், ஜூரிக்கின் புர்க்ஹோல்ஸ்லி மருத்துவமனை. ரஷ்யாவின் ரோஸ்டோவ் நகரத்திலிருந்து வந்த சபீனா ஸ்பீல்ரைன், வயது 18, சிரிப்பும் அழுகையும் அலறலுமாக உள்ளே கொண்டுவரப்பட்டார். டாக்டர் யுங், வயது 29, கல்யாணமாகி ஒரு வருஷம். மனைவி எம்மா ஸ்விஸ் கடிகாரக் கம்பெனி வாரிசு. இந்த வைத்தியத்துக்கும் ஸ்விஸ் கடிகாரத்துக்கும் ஏதோ ஜாதகப் பொருத்தம் இருக்கிறது. சபீனா தேறினார், ஜூரிக்கிலேயே மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். டாக்டர்-நோயாளி உறவு நட்பாகி, நட்பு வேறொன்றாகி, ஊர் பேச ஆரம்பித்தது.

சபீனாவின் அம்மாவுக்கு மொட்டைக் கடிதம் போனது. அம்மா யுங்கிடம் விளக்கம் கேட்டார். யுங்கின் பதிலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாம். நான் உங்கள் மகளிடம் ஃபீஸ் வாங்கவில்லை, அதனால் டாக்டர் என்ற நிலையிலிருந்து நண்பன் நிலைக்கு வந்துவிட்டேன். டாக்டருக்குத் தன் எல்லை தெரியும், ஏனென்றால் அவருக்குக் காசு கொடுக்கிறார்கள். நான் கண்டிப்பான டாக்டராக இருக்க வேண்டுமென்றால் ஃபீஸ் கொடுங்கள், ஒரு முறைக்கு பத்து ஃப்ராங்க். பிற்காலத்தில் மனித குலத்தின் கூட்டு ஆழ்மனத்தை அளந்தவர், தன் ஒழுக்கத்துக்கு ரேட் கார்டு போட்டு அனுப்பினார்!

விஷயம் வியன்னாவுக்குப் போனது. யுங் முதலில் அந்தப் பெண் தன்மேல் வீண்பழி போடுவதாக எழுதினார். அப்புறம் மென்று விழுங்கி ஒப்புக்கொண்டார். 1909 ஜூனில் ஃப்ராய்ட் பெரியண்ணன் தோரணையில் பதில் எழுதினார்: பரவாயில்லை, நானே சில தடவை மயிரிழையில் தப்பியிருக்கிறேன், இதிலெல்லாம் தோல் தடிக்கும், நமக்கு எழும் இந்த எதிர் உணர்ச்சியை அடக்கக் கற்றுக்கொள்வோம். கவுன்ட்டர்-ட்ரான்ஸ்ஃபரன்ஸ் என்ற சொல் முதலில் தலைகாட்டியது அந்தக் கடிதத்தில். இன்று உலகத்தின் எல்லா சைக்காலஜி வகுப்பிலும் பாடமாக இருக்கும் கருத்து, ஒரு சிஷ்யனின் தப்பை குரு மூடி மறைத்தபோது கிடைத்த உபரி லாபம்.

இந்த இரண்டு மேதைகளும் கடிதத்தில் 'கேஸ்' என்று பேசிக்கொண்ட சபீனா, 1911-ல் டாக்டர் பட்டம் வாங்கி, அவரே சைக்கோஅனாலிஸ்ட் ஆனார். ஃப்ராய்டின் வியன்னா வட்டத்தில் உறுப்பினரானார். ஜெனீவாவில் அவருடைய சோபாவில் படுத்து மனசைத் திறந்த இளைஞர் ஒருவர், பிற்பாடு குழந்தைகளின் அறிவு எப்படி வளர்கிறது என்று உலகத்துக்குச் சொன்ன ஜான் பியாஜே. 1942-ல் சொந்த ஊரான ரோஸ்டோவில் நாஜிகள் சபீனாவையும் இரண்டு மகள்களையும் கொன்றார்கள். 1977-ல் ஜெனீவாவில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் அவருடைய டைரியும் கடிதங்களும் கிடைத்த பிறகுதான், மேதைகள் சொல்லாமல் விட்ட பக்கம் நமக்குத் தெரிந்தது.

யுங்காவது அடக்கக் கற்றுக்கொண்டதாகச் சொல்லிக்கொண்டார். புடாபெஸ்ட் டாக்டர் ஷான்டோர் ஃபெரென்சிக்கு அடக்குவதிலேயே நம்பிக்கை இல்லை. இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த மனிதர் இவர்தான். இதயம் பெரியது, பிரேக் கிடையாது. கிசெல்லா என்ற திருமணமான பெண்ணை நேசித்தார். கிசெல்லாவின் மகள் எல்மாவுக்கு மனச்சோர்வு என்றதும் சிகிச்சை கொடுக்க உட்கார்ந்தார். எல்மாவையும் நேசிக்க ஆரம்பித்தார். பதறிப்போய் எல்மாவை ஃப்ராய்டிடம் சிகிச்சைக்கு அனுப்பினார். அப்புறம் திரும்பத் தானே எடுத்துக்கொண்டார். ஃப்ராய்டின் ஓட்டு அம்மாவுக்கு. பல வருஷ ஊசலாட்டத்துக்குப் பின் 1919-ல் கிசெல்லாவோடு கல்யாணம் நடந்தது. அதே நாளில் கிசெல்லாவின் முன்னாள் கணவர் இறந்துபோனார். எந்த டி.வி. சீரியல் டைரக்டரும் இது ஓவர் என்று வெட்டிவிடுவார்.

ஃபெரென்சியின் கொள்கை எளிமையானது. அன்பில்லாமல் உடைந்தவருக்கு அன்பைக் காட்டாமல் என்ன சிகிச்சை? நோயாளி ஒருவர், பாப்பா ஃபெரென்சியை நான் எப்போது வேண்டுமானாலும் முத்தமிடலாம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். 1931 டிசம்பரில் ஃப்ராய்டிடமிருந்து கடிதம் வந்தது. இன்று முத்தம், நாளை அடுத்த கட்டம், நம் இளைய டாக்டர்கள் எங்கே போய் நிற்பார்கள் என்று படிப்படியாக வர்ணித்து ஒரு டோஸ். அதில் சொல்லப்பட்ட ஆபத்து நிஜமானது. அப்படி எல்லை மீறப்பட்டு நாசமானவர்களின் கதை வேடிக்கைக்கு உரியதே அல்ல. ஆனால் அறிவுரை வந்த முகவரிதான் இடிக்கிறது: மகளை சோபாவில் படுக்க வைத்த வீடு.

ஃபெரென்சியிடம் எலிசபெத் செவர்ன் என்ற அமெரிக்கப் பெண்மணி வருஷக்கணக்கில் சிகிச்சையில் இருந்தார், முன்னேற்றம் இல்லை. அந்த அம்மாள் நேராகவே கேட்டார்: உங்களுக்கு உள்ளுக்குள் என்னைப் பிடிக்கவில்லை, அதுதான் தடை; நீங்கள் படுங்கள், நான் உங்களுக்கு சிகிச்சை செய்கிறேன். வேறு டாக்டராக இருந்தால் ட்ரான்ஸ்ஃபரன்ஸ் என்று எழுதி ஃபைலை மூடியிருப்பார். ஃபெரென்சி படுத்தார்! பேசப் பேச, ஆமாம், உங்களைப் பிடிக்கத்தான் இல்லை என்று வந்துவிட்டது. அதைக் கேட்டதும் செவர்னுக்குக் கோபம் வரவில்லை, நிம்மதி வந்தது. நினைத்தது சரிதான், எனக்குப் பைத்தியமில்லை என்ற நிம்மதி. சிகிச்சையும் நகர ஆரம்பித்தது.

1932-ல் ஃபெரென்சி எழுதிய டைரியில் இதெல்லாம் இருக்கிறது. கூடவே ஒரு நடைமுறைச் சிக்கலும். சோபாவில் படுத்தால் மனசில் வருவதையெல்லாம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது விதி. டாக்டரின் மனசில் என்ன வரும்? மற்ற நோயாளிகளின் ரகசியங்கள்தான் வரும்! அதைச் சொல்லலாமா, கூடாதா? மனிதர் உண்மையாகவே தவித்திருக்கிறார். அந்த டைரி அச்சில் வர 1985 ஆயிற்று. அதுவரை சக டாக்டர்கள் அவருக்குக் கடைசி காலத்தில் புத்தி பிசகிவிட்டது என்று சொல்லி, எளிதாக வேலையை முடித்திருந்தார்கள்.

நோயாளியைப் பிடிக்கவில்லை என்பதைக் கௌரவமான விஷயமாக ஆக்கியவர் லண்டன் குழந்தை மருத்துவர் டொனால்ட் வினிகாட். 1947-ல் கூடியிருந்த சக டாக்டர்களிடம், நம் நோயாளிகளை நாம் சில சமயம் வெறுக்கிறோம், அதை நாமாவது தெரிந்து வைத்துக்கொள்வோம் என்று பேசினார். நேரமாகிவிட்டது என்று சொல்லி அனுப்புவதிலேயே அந்த வெறுப்பு கொஞ்சம் இருக்கிறதாம். யுத்தகாலத்தில், ஓடிப்போய்க்கொண்டே இருந்த ஒன்பது வயதுப் பையன் ஒருவனை வீட்டிலேயே வைத்துக்கொண்டார். பையன் வீட்டைத் தலைகீழாக்குவான். அடிக்காமல், திட்டாமல், அவனைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு, நீ செய்த காரியத்தால் உன்மேல் வெறுப்பு வந்துவிட்டது என்று சொல்வார். வெளியே ஒரு மணி உண்டு. வெறி அடங்கியதும் பையன் அடிப்பான். கதவு திறக்கும். நடந்ததைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். வினிகாட்டின் மனைவிக்குக் கோயில் கட்ட வேண்டும்.

அமெரிக்காவில் கார்ல் ராஜர்ஸ் என்ற சாந்த சொரூபி, நோயாளி என்ற சொல்லையே தள்ளிவிட்டு கிளையன்ட் என்றார். அறிவுரை சொல்லாதே, ஆராயாதே, அவர் சொல்வதை உணர்ந்து திருப்பிச் சொல், போதும் என்றார். 1940 வாக்கில் சிகிச்சை அறைக்குள் ரெக்கார்டிங் மெஷினைக் கொண்டுபோய் வைத்து, அதுவரை டாக்டர்களின் ஞாபகத்தில் மட்டும் இருந்த உரையாடலைத் தட்டில் பதிந்தார். போட்டுக் கேட்டால், கேட்பதற்காகச் சம்பளம் வாங்கிய பல ஆலோசகர்கள் கிளையன்ட்டைவிட அதிகமாகப் பேசியிருந்தார்கள்.

ராஜர்ஸின் முறை எளிமையாகத் தெரிந்ததால் வந்தது வினை. 1966-ல் எம்.ஐ.டி.யின் ஜோசஃப் வைசன்பாம், எலைசா என்ற கம்ப்யூட்டர் புரோகிராமை வெளியிட்டார். ராஜர்ஸ் பாணி தெரபிஸ்ட்டாக நடிக்கும். என் அம்மாவோடு சண்டை என்று தட்டினால், உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள் என்று திருப்பிப் போடும். அதற்குள் ஒன்றுமே கிடையாது, அந்த வெறுமையைக் காட்டவே செய்தார். அவருடைய செக்ரட்டரி அது உருவானதைக் கூடவே இருந்து பார்த்தவர். ஒருநாள் அதோடு சில வரிகள் தட்டியவர், திரும்பி வைசன்பாமைப் பார்த்து, கொஞ்சம் வெளியே இருக்கிறீர்களா என்றார். படைத்தவரையே அறையை விட்டு வெளியே அனுப்பினார்! வைசன்பாம் அந்த அதிர்ச்சியில் கம்ப்யூட்டர்களைப் பற்றி எச்சரித்து ஒரு புத்தகமே எழுதினார். இன்று ராத்திரி இரண்டு மணிக்கு சாட்பாட்டிடம் மனசைக் கொட்டுகிறவர்கள் அந்த செக்ரட்டரி அம்மாளின் வம்சம்.

அப்படியானால் இந்த அறைக்குள் உண்மையில் வேலை செய்வது எது? இர்வின் யாலோம் 1970-களின் தொடக்கத்தில் இதைத் தெரிந்துகொள்ள எண்ணியதாகத் தெரியவில்லை, தற்செயலாக மாட்டிக்கொண்டார். ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியர், பேச்சில் மன்னர். அவரிடம் வந்த எழுத்தாளப் பெண் ஜின்னிக்கு எழுத்தும் ஓடவில்லை, ஃபீஸுக்கும் வழியில்லை. யாலோம் ஒரு டீல் பேசினார். ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் நடந்ததை நீங்கள் எழுதிக் கொடுங்கள், அதுவே ஃபீஸ். நானும் எழுதுகிறேன். உறை போட்டு மூடி, சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றிப் படிப்போம்.

படித்தார்கள். யாலோமின் குறிப்புகளில் அவர் கொடுத்த பிரமாதமான விளக்கங்கள் வரிசைகட்டி நின்றன. இன்று இதைச் சொன்னேன், என்ன ஒரு நுட்பம், நேராக மையத்தைத் தொட்டுவிட்டேன். ஜின்னியின் குறிப்புகளில் அந்த விளக்கங்களில் ஒன்றுகூட இல்லை. காதிலேயே விழவில்லை போல. அவர் எழுதியிருந்தது வேறு. இன்று என் டிரெஸ் நன்றாக இருக்கிறது என்றார். தாமதமாக வந்ததற்கு மன்னிப்புக் கேட்டார். நான் சொன்ன ஜோக்குக்குச் சிரித்தார்.

யாலோம் அதை மறைத்திருக்கலாம். 1974-ல் இரண்டு பேரின் குறிப்புகளையும் அப்படியே புத்தகமாக வெளியிட்டார். அட்டையில் டாக்டர் பெயருக்குப் பக்கத்தில் நோயாளியின் பெயரும் ஆசிரியர் என்று போட்டிருக்கிறது. புனைபெயர்தான்.